வெள்ளரிக்காய் விலை சொன்ன வானம்

தேநீர் நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்தில் இவ்வளவு பக்குவமாகத் தேநீர் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் முன்னமே வந்திருப்பேன். வாசலில் இருந்த காவலர், நான் காணாமல் போன பூனையைப் பற்றிச் சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பூனையின் நிறத்தைக் கேட்டார். என் வயதுப் பெண்கள் வேறு எதற்கும் இங்கே வருவதில்லை போலிருக்கிறது. தெருச் சங்கத் தலைவர் தேராவோவின் சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது, பாவம்.

நீங்கள் என் கணவரிடம் படித்தவர் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆய்வாளரே. இயற்பியலில் சுமாராகத்தான் இருந்தீர்கள். அதனால் வானொலி, மின்துகள் பற்றியெல்லாம் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

என் கணவர் எய்கிச்சி பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் வீட்டில் ஒரு நாற்காலி கூடிவிட்டது போல இருந்தது. அணைத்து வைத்த தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "என்ன பாக்கறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் போகுது" என்பார். நாற்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய மனிதர், பால்காரர் பில்லில் தவறு இருந்தால்கூட அதட்டாமல் விட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தெருவில் அப்படி உட்கார்ந்த ஆண்கள் யாரும் வெகுநாள் உட்கார்ந்திருந்ததில்லை.

அப்போதுதான் அவருக்கு வானம் கிடைத்தது.

நம் தலைக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்துக்கும் எவ்வளவோ மேலே, காற்று மெலிந்து மின்துகள்களாகச் சிதறிக் கிடக்கும் அடுக்கு ஒன்று உண்டு. பெரிய நிலநடுக்கத்துக்கு முன்னால் பூமிக்கடியில் பாறை நெருக்கப்படும்போது அந்த அடுக்கில் ஏதோ கலக்கம் உண்டாகிறது என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். செயற்கைக்கோள் அலைகளை வைத்து மின்துகள்களை எண்ணிப் பார்க்கிறார்கள். இன்னொரு சாரார் சிரிக்கிறார்கள். சூரியன் கொஞ்சம் சீறினாலும் வானம் அப்படித்தான் கலங்கும், நடுக்கம் வந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் வானம் எப்போதும் முன்கூட்டியே சொல்லியிருப்பது போலத்தான் தெரியும் என்கிறார்கள். இரண்டு தரப்பினரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். நம்பாதவர்கள்தான் இரண்டாம் முறை சோறு கேட்பார்கள்.

என் கணவரிடம் செயற்கைக்கோள் இல்லை. கூரைமேல் ஒரு ஆன்டெனா வைத்தார். கடலுக்கு அப்பால் மியாசாகியில் உள்ள ஒரு சிறிய வானொலி நிலையத்தைப் பார்த்து அதைத் திருப்பினார். பூமி வளைந்திருப்பதால் அந்த நிலையம் எங்கள் கோச்சிக் கரையில் சாதாரணமாகக் கேட்காது, வெறும் இரைச்சல்தான் வரும். மேலே வானம் கலங்கியிருந்தால் அலை வளைந்து வந்து கேட்கும். அதற்காகத் தினமும் இரைச்சலுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஒரு வசந்தகாலத்துக் காலையில் நிஜமாகவே கேட்டது. ஒரு பெண் குரல். மொத்தச் சந்தையில் வெள்ளரிக்காய் விலை இறங்கிவிட்டதாகச் செய்தி வாசித்தாள். பாதியில் எதற்கோ அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தாள். அவர் அதைப் பதிவு செய்தார். அந்த வாரமே கடலில் ஒரு நடுக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கிண்ணம் உடைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் உடைந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடனமே ஆடினார்.

அதற்குப் பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. மழைக்காலம் வந்தது, போனது. இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. மெல்ல மெல்ல அவர் மறுபடியும் அணைத்த தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து சேர்ந்தார். வைக்கோல் தீயில் வாட்டிய சூரைமீனைத் தட்டில் வைத்தால் மேலே தூவிய பூண்டை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். கோச்சியில் ஒரு ஆண்பிள்ளை அப்படிச் செய்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் மருத்துவரைக் கூப்பிடவில்லை. கைபேசியில் உள்ள பாட்டைக் காரின் வானொலியில் கேட்க உதவும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்று உண்டில்லையா, என் தங்கை மகன் அதை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தான். அந்த வெள்ளரிக்காய்ச் செய்தியை என் கைபேசியில் பதிந்துகொண்டேன். சமையலறையில் மிசோ விழுது ஜாடிக்குப் பின்னால் கருவியை வைத்து, மியாசாகி நிலையத்தின் எண்ணுக்குத் திருப்பி, ஓடவிட்டேன். பிறகு அரிசி கழுவப் போனேன்.

"மித்சுயோ! வந்துடுச்சு! மறுபடியும் வந்துடுச்சு!"

ஒரு காலில் மட்டும் செருப்போடு சமையலறைக்கு ஓடிவந்தார். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் விளக்கினார். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, அலை எப்படி வளைகிறது எல்லாவற்றையும் என் கையை விடாமலே விளக்கினார். அரிசி பாதிக்குமேல் தொட்டியில் போய்விட்டது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவர் வாசலுக்குப் போய், ஆண்பிள்ளைகள் பண்டிகைக்கு மீன் கொடி ஏற்றும் கம்பத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி உயர்த்தினார்.

எங்கள் தெருவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கடல், பின்னால் கோயில் மலை. பெரிய நடுக்கம் வந்தால் அலை வந்து சேர, சோறு வேகும் நேரம்கூட ஆகாது. என்றைக்காவது வரும் என்று தெரிந்தே எல்லோரும் துணி காயப்போட்டுக்கொண்டு இருக்கிறோம். அப்படிப்பட்ட தெருவில் ஒரு வாத்தியார் கொடி ஏற்றினால் ஜனங்கள் மலையேறத்தான் செய்வார்கள். ஏறினார்கள்.

தேராவோ வயதான சூரைமீன் படகுத் தலைவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மாலையானால் எங்கள் வீட்டில்தான் இருப்பார். என் கணவரோடு ஷோகிக் காய் நகர்த்துவார், என் கணவரைத் திட்டுவார், என் கையால் சாப்பிடுவார். முதல் நாள் கொடியைப் பார்த்ததும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே! வானத்துக்கு வயித்துல கடமுடாவா?"

"சிரிக்காதே தேராவோ. மேலே அடர்த்தி மாறியிருக்கு."

"உன் மண்டையிலதான் அடர்த்தி. சரி, எல்லாரும் கெளம்புங்க! வாத்தியார் சொல்லிட்டாரு, அலை வரலேன்னா அவரு தலையில தண்ணி ஊத்தலாம்!"

கேலி செய்தாரே தவிர, வேலையில் குறை வைக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: தெருத் தலைவர் கடைசியாகத்தான் மலையேற வேண்டும். எங்கள் தாத்தாக்கள் காலத்துப் பெரிய அலையில் முதல் ஆளாக ஓடிய தலைவரின் பெயரை இன்று வரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. தேராவோ ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லோரும் போன பிறகு, முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குசுனோசேயை முதுகில் தூக்கிக்கொண்டு கோயில் படிகளில் ஏறினார். குசுனோசே டோஃபு கடை வைத்திருந்தவர், நல்ல பருமன். முதுகில் உட்கார்ந்தபடி பாட்டு வேறு பாடினார்.

அன்றைக்கு அலை வரவில்லை. மலைமேல் மேகத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டு எல்லோரும் கொண்டுபோன சோற்று உருண்டைகளைப் பகிர்ந்து தின்றோம். யாரோ சாக்கே மதுப் புட்டி கொண்டுவந்திருந்தார்கள். எச்சரிக்கை பொய்த்தால் அதைவிட நல்ல செய்தி உண்டா என்று என் கணவர் ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினார். கைதட்டினார்கள். அவர் அன்று இரண்டு தட்டு மீன் சாப்பிட்டார்.

இப்படித்தான் ஆரம்பம். அவர் முகம் வாடினால் வானம் பேசும். தெருவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. "வாத்தியாரம்மா, இந்த வாரம் வானம் எப்படி?" என்று காய்கறிக் கடையில் கேட்பார்கள். "நான் என்னத்தைக் கண்டேன்" என்பேன். பேச்சு வார்த்தை அற்றுப்போன இரண்டு குடும்பங்கள் மலைமேல் சமாதானம் ஆகின. ஒரு கல்யாணம்கூட நிச்சயமானது. கணக்குப் பார்த்தால் நான் ஊருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம், என்னிடம் இருந்தது அந்த ஒரு பதிவுதான்.

அடுத்த வருடம் ஒரு மாலை ஷோகிப் பலகையில் தோற்றுக்கொண்டிருந்த தேராவோ கேட்டார்: "ஏன் வாத்தியாரே, அந்த ஊர்ல வெள்ளரிக்கா விலை ஏறவே ஏறாதா? எப்பப் பாரு அதே பொண்ணு, அதே சிரிப்பு, அதே மன்னிக்கவும்."

என் கையில் சாக்கே புட்டி இருந்தது. நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

என் கணவர் கூரையைப் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார். "வானத்துக்கு ஞாபகசக்தி உண்டு, தேராவோ. ஒரு தடவை உள்ள போன குரலை அது விடாது. மறுபடி நெருக்கடி வந்தா அதையே திருப்பிச் சொல்லும். உன் பெண்டாட்டி போய் எத்தனை வருஷமாச்சு, அவ திட்டினதையே நீ இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கியே, அது மாதிரி."

"உலகத்துல வேற எவனாவது இதைச் சொல்லியிருக்கானா?"

"இல்ல. நான்தான் மொதல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு இக்கட்டில் இப்படி ஒரு கொள்கையையே உண்டாக்கும் மூளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் தேராவோ என் கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அடுத்த முறை கொடி ஏறியபோது அவர் கையில் ஒரு சின்ன வானொலி இருந்தது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் என் கணவர் நூலகத்துக்குப் போன சமயம் பார்த்து, கொல்லைப்புறம் யுசு மரத்தடியில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரம்மா, நேத்து துறைமுகத்துக் கோபுரத்து மேல ஏறிக் கேட்டேன். ஊர்லயே உசரமான எடம் அதுதான். ஒரு பூச்சி சத்தம்கூட இல்ல. அப்படியே நடந்து வந்தேன். உங்க தெரு முனையில லேசாக் கேக்குது. உங்க சமையக்கட்டு ஜன்னலாண்ட நின்னா, அந்தப் பொண்ணு என் காதுலயே சிரிக்கிறா."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குப் புரியுது. அவன் அப்படி உக்காந்திருந்ததை நானும்தான் பாத்தேன். மலையேறவும் எனக்குப் புடிக்கும். ஆனா ஒருநாள் நெசமாவே வரும்மா. அன்னைக்கு ஜனங்க, 'வாத்தியார் கொடி ஏறலையே, பொறுமையாப் போகலாம்'னு வீட்டுலயே உக்காந்துட்டாங்கன்னா?"

"நீங்க அவர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"நான் சொன்னா அவன் தாங்க மாட்டான். நீங்களே சொல்லிடுங்க. ஓபோன் முடியட்டும், முன்னோருங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். அதுவரைக்கும் என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. கடல் சாட்சி."

அவர் சொன்னது முழுக்க நியாயம். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல மாட்டேன். நியாயமில்லாதவர்களைச் சமாளிக்க ஆயிரம் வழி இருக்கிறது, நியாயமானவர்களோடு என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். அவர் போகும்போது நான்கு கத்தரிக்காய் பறித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேனிற்காலத் துவக்கத்தில் தேராவோவை நகரத்து மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனது நான்தான். இதயம் பழைய படகு இயந்திரம் மாதிரி ஆகிவிட்டது, படி ஏறுவதை அடியோடு விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். திரும்பி வரும்போது தேராவோ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "வாத்தியார்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. பாவம் பாத்து ஷோகில விட்டுக்கொடுப்பான். அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்." நானும் வாக்குக் கொடுத்தேன். ஆக அவருடைய ரகசியம் என்னிடம், என்னுடையது அவரிடம். இரண்டு பேருமே வாக்குத் தவறாதவர்கள்.

இதை நீங்கள் கவனமாக யோசித்துப் பார்க்க வேண்டும், ஆய்வாளரே. ஓபோன் வரை அவர் வாய் திறக்க மாட்டார். கொடி ஏறினால் தெருவே கிளம்பும். கொடி பொய் என்று அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. ஜனங்கள் மலையேறும்போது தலைவர் கீழே நிற்கவும் முடியாது. கதவு தட்டியாக வேண்டும், குசுனோசேயைத் தூக்கியாக வேண்டும், கடைசியாக ஏறியாக வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு நம்பகமான மனிதரை நான் பார்த்ததில்லை.

அதனால் அந்த ஆகஸ்டில் நான் சில வேலைகள் செய்தேன். தினமும் குசுனோசேக்கு இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த உருண்டைகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வாத்தியாரம்மா, நீங்க தெய்வம்" என்றார். தனியாக இருக்கும் ஒரு மனிதர் நாலு உருண்டை அதிகம் தின்று கொஞ்சம் எடை கூடினால் அதில் யாருக்கு என்ன? பிறகு, கோயில் படிகளின் பாதியில் ஒரு மர பெஞ்சு இருக்கிறதே, தேராவோ மூச்சு வாங்க உட்காருவாரே, அதில் சாயம் உரிந்து அசிங்கமாக இருந்தது. ஓபோனுக்கு முன்னால் புதுச் சாயம் அடிக்கலாம் என்று பெண்கள் சங்கத்தில் நான்தான் சொன்னேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. "சாயம் ஈரம், உட்கார வேண்டாம்" என்ற அறிவிப்பை நானே தூரிகையால் எழுதினேன். என் கையெழுத்தைக் கோயில் பூசாரி பாராட்டினார். காய்ந்துவிட்டால் நன்றாக இருக்காதே என்று இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு என்று அடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஆகஸ்டில் முதல் முறை கொடி ஏறியபோது வெயில் கொளுத்தியது. தேராவோ எங்கள் கதவைத் தட்டி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். "இன்னைக்குமா? வானத்துக்கு வாய் ஓயாது போலிருக்கே." படிகளில் நான் அவருக்கு முன்னால் ஏறினேன். பெஞ்சருகே வந்ததும் அறிவிப்பைப் பார்த்தார், குசுனோசேயை முதுகில் சரிசெய்துகொண்டு மேலே நடந்தார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "வாத்தியாரம்மா, போதும்," என்று மெல்லச் சொன்னார். "நீங்க இன்னும் சொல்லலேன்னா பரவாயில்ல. ஆனா இந்த வெயில்ல கெழடுகட்டைங்க எத்தனை பேரு ஏறுறாங்க பாருங்க." அவருடைய உதடு நீலமாக இருந்தது. கெழடுகட்டைகளில் தன்னை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொன்னார்.

மூன்றாம் முறை ஓபோனுக்கு முந்தைய நாள். காற்றே இல்லை. என் கணவர் வழக்கம்போல ஓடிவந்து என் கையைப் பிடித்தார், வழக்கம்போலக் கொடி ஏற்றினார். தேராவோ எல்லாக் கதவையும் தட்டினார். எங்கள் கதவை மட்டும் தட்டவில்லை, வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பெஞ்சைத் தாண்டி இருபது முப்பது படி ஏறியிருப்பார். குசுனோசே பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. தேராவோ அவரைக் கீழே போடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு படியில் பக்குவமாக உட்கார வைத்தார். அப்புறம்தான் தானும் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

நான்தான் முதலில் இறங்கி ஓடினேன். ஈரத்துண்டை நெற்றியில் வைத்தேன். "தலைவரே, தலைவரே" என்று கூப்பிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். என் அழுகை பொய் இல்லை. நல்ல மனிதர், எனக்கு அவரைப் பிடிக்கும்.

மருத்துவர் வெயில் என்றார், இதயம் என்றார். யாரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்து உங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

தேராவோவின் சாம்பலை எடுத்து வைத்த மறுநாள் என் கணவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார். ஆன்டெனாவைக் கழற்றினார். வானொலியைப் பெட்டியில் போட்டு மூடினார். "என்ன செய்யறீங்க?" என்று கேட்டேன். "நான் ஏத்தின கொடிக்காகத்தானே அவன் ஏறினான்" என்றார். அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். ஷோகிப் பலகையை எதிரே வைத்துக்கொண்டு, எதிராளியின் காயையும் தானே நகர்த்துகிறார். நகர்த்திவிட்டு, தேராவோ திட்டுவாரே அந்த மாதிரி தன்னையே மெதுவாகத் திட்டிக்கொள்கிறார். நான் மிசோ ஜாடிக்குப் பின்னால் எத்தனை முறை ஓடவிட்டும் பிரயோசனம் இல்லை. கேட்பதற்கு வானொலி வேண்டுமே.

அதனால்தான் வந்தேன். குற்ற உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வயதில் அதெல்லாம் தூக்கத்துக்குக் கெடுதி. தேராவோ போனது என் கணவர் ஏற்றிய கொடியால் அல்ல, என்னால்தான் என்று நீங்கள் அவரிடம் அதிகாரப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். முதலில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் தன் மேல் பழி இல்லை என்று தெரிந்தால் அவர் மறுபடியும் கூரைமேல் ஏறுவார். வசந்தகாலத்தில் கேட்டது நிஜம்தானே, இன்னொரு நாள் நிஜமாகவே கேட்கும். அவர் இரண்டு தட்டு மீன் சாப்பிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கதவைத் தட்டுகிறார்கள். போய்ப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? ஏன் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்?

"அம்மா, வாத்தியார் வெளிய வந்து உக்காந்திருக்காரு. உங்களைத் தேடிக்கிட்டு சைக்கிள்லயே வந்துட்டாரு. தப்பெல்லாம் தன்னோடதுதான்னு சொல்றாரு. ரெண்டாவது தடவை அந்தக் குரல் வந்தப்பவே ஆன்டெனா வயரைப் புடுங்கிப் பாத்தாராம். புடுங்கின பெறகும் அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருந்தாளாம். அன்னைலேர்ந்து எல்லாம் தெரியுமாம். ஒவ்வொரு தடவையும் வயரைப் புடுங்கி வச்சுட்டுத்தான் உங்ககிட்ட ஓடி வருவாராம்."

"எதுக்காம்?"

"அவர் ஓடி வரும்போது உங்க முகம் அப்படி இருக்குமாம். அதைப் பாக்கத்தான் கொடி ஏத்தினேன்னு சொல்றாரு. தேராவோவோட நெஞ்சு வலி மட்டும் தனக்குத் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி அழறாரு."

உட்காருங்கள், ஆய்வாளரே. நீங்கள் அவரிடம் படித்தும் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. என் கணவர் மகா கருணை உள்ளவர். மனைவியைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்கிறார், அவ்வளவுதான். நீங்கள் அதை எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த வயர் தரையில் கிடந்ததை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் வீட்டை அழுத்திப் பெருக்குகிறவள், பெருக்கும்போது கழன்றிருக்கும். வானத்துக்கு ஞாபகசக்தி உண்டு என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும், அது நம்புகிறவரின் முகம். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால், தேராவோவை நான் கொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காதே.